ராயபுரத்தில் அப்பா பேசப் பழகினார்

"நாஸ்டா துன்னீங்களாம்மா?"

வீட்டுக்காரம்மா கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் பாதிதான் புரிந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும்போது, "பயப்பிடாதையுங்கோ, அங்கயும் தமிழ்தானே" என்று அம்மாவைத் தேற்றிவிட்டு வந்தவள் நான். ராயபுரத்துக்கு வந்த முதல் காலையிலேயே அப்பாவுக்குத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது.

"காலமைச் சாப்பாடு சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறா அப்பா."

அப்பா தொண்டையைச் செருமி, "இன்னும் இல்லைப் பிள்ளை" என்றார். காய்ந்த பனையோலையை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் மாதிரி இருந்தது. கேட்டதும் அந்த அம்மாவின் முகம் மாறியது. "பேசாதீங்க நைனா. நீங்க குந்துங்க, நான் எட்தாறேன்" என்று கீழே இறங்கிப் போய் இட்லியும் வடகறியும் கொண்டுவந்து வைத்தார். வடையை உடைத்துக் குழம்பில் போடுவார்கள் என்று அப்பாவுக்கு அதுவரை தெரியாது. நேற்று மிஞ்சிய வடையோ என்று சந்தேகமாக ஒரு வாய் வைத்தார். பிறகு கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். விழுங்குவதற்குச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த மனிதர் அப்படிச் சாப்பிட்டுப் பார்த்து வெகுநாள்.

வீட்டுக்காரம்மாவின் பெயர் ஸ்டெல்லா. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். மாதா கோயில் தெருவுக்குப் பின்னால் இருக்கிற அந்த வீட்டின் மாடி அறையை வைத்தியத்துக்காக வருகிற வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அப்பா சுன்னாகத்தில் தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை வைத்திருந்தவர். பேச்சை அளந்துதான் பேசுவார். ஒருநாள் முழுக்க அவர் கடையில் இருந்தாலும் மோட்டரின் சத்தம்தான் கேட்கும். அந்த மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஊரில் கதிர்ச் சிகிச்சை கொடுத்து, ஆறிவிட்டது என்று நாங்கள் மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பயணம்.

சாப்பிட்டு முடித்ததும் இருவரும் மொட்டைமாடிக்குப் போனோம். 

தெருவின் முடிவில் கடல் தெரியும் என்று ஸ்டெல்லா அக்கா சொல்லியிருந்தார். ஆனால் கடலுக்கு முன்னால் நின்றவற்றை அவர் சொல்லவில்லை. கொடிகளில் காயும் லுங்கிகளுக்கும் மாதா கோயில் கோபுரத்துக்கும் மேலே, வானத்தை மறித்துக்கொண்டு துறைமுகத்தின் கிரேன்கள். ஒவ்வொன்றும் ஒரு லாரி அளவு பெட்டியைத் தீப்பெட்டியைப்போலத் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருந்தது. வெளியே தொடுவானம் வரைக்கும் உள்ளே வர முறை காத்து நிற்கிற கப்பல்கள். காங்கேசன்துறையில் எப்போதாவது ஒரு கப்பல் வந்தால் அதையே ஊர் முழுக்கப் பேசும். இங்கே கீழே தெருவில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதுக்க எத்தினை மோட்டர் இருக்கும்?" என்றார் அப்பா, கிரேனைக் காட்டி. வந்ததிலிருந்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

மருத்துவமனைக்குப் போக ஸ்டெல்லா அக்கா தெரிந்த ஆட்டோ ஒன்றைச் சொல்லிவிட்டார். ஓட்டுபவர் பஷீர் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, இரண்டுக்கும் நடுவே ஓயாத வாய். அந்த ஊரின் சாலைகளில் ஆட்டோ போகிறதைப் போக்குவரத்து என்று சொல்ல மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள் மதில்போல நிற்கும். நடுவில் இருக்கிற இடுக்கில் பஷீர் பாய் நுழைவார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அப்பா திறந்தே வைத்திருப்பார். ஒருமுறை லாரியின் சக்கரம் என் முழங்கைக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கு நின்றது. பாய் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பயந்துக்காதம்மா. லாரிக்காரன் நம்மள பாக்க மாட்டான். நாமதான் அவன பாத்துகினு போணும்."

பரிசோதனைகள் எல்லாம் முடிந்து மருத்துவர் எங்களை அழைத்தார். பெண் மருத்துவர், நிதானமாகப் பேசுகிறவர். குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் நோயிலிருந்து தப்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. விட்டுவைத்தால் மூச்சுப் பாதை அடைத்துவிடும். எடுத்த பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. "பேசுவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன ஐயா, அதற்குப் பிறகு வருவோம்" என்று அவர் தொடர்ந்தார். ஆனால் அப்பா அந்த இடத்திலேயே கேட்பதை நிறுத்திவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் ஏறியதும் சொன்னார். "எனக்கு வேண்டாம் பிள்ளை. திரும்பிப் போவம்."

"என்னப்பா சொல்லுறியள்?"

"உள்ள நாளைக்கு ஆக்களோட கதைச்சிட்டுப் போறன்."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நீங்கள் ஆரோட அப்பா கதைச்சனீங்கள்? நாப்பது வருசமா அம்மாவோடயே கணக்காத்தான் கதைச்சனீங்கள். இப்ப குரலுக்காகச் சாகப் போறியளோ?"

அவர் லாரிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்னால் பஷீர் பாயின் ஓயாத வாய் ஓய்ந்திருந்தது. எங்கள் தமிழ் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. மாதா கோயில் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஆட்டோ திரும்பாமல் நேரே போனது.

"பாய், எங்க போறீங்கள்?"

"ஒரு அஞ்சு நிமிஷம்மா."

"எங்க எண்டு சொல்லுங்கோ."

"சொன்னா நைனா வர மாட்டாரு."

அந்நிய ஊரில், நோயாளித் தகப்பனோடு, போகுமிடம் தெரியாமல் போகிற ஆட்டோவில் இருப்பது என்ன மாதிரி என்பதை அன்று அறிந்தேன். போதாக்குறைக்குக் கடற்கரைச் சாலையில் லாரி வரிசைக்கு நடுவே ஆட்டோ நின்றுவிட்டது. பாய் இறங்கி உதைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கடைசியில் தள்ளிக்கொண்டு ஓரமாக விட்டார். "நடந்துடலாம், வாங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் ஓடினேன்.

மீன் நாற்றம் முதலில் வந்தது, டீசல் நாற்றம் அடுத்து, பிறகுதான் காசிமேடு கண்ணுக்குத் தெரிந்தது. விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசி நின்றன. ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலம் கூவுகிற சத்தம், காகங்களின் சத்தம். எங்கள் பக்கத்துக் கரையோர மீன்சந்தை முழுவதையும் இங்கே ஒரு மூலையில் வைத்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாலையோரத்தில் பெண்கள் பலகைமேல் மீனைப் பரப்பி, பெரிய குடைகளின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பஷீர் பாய் அவர்களில் ஒருவருக்கு முன்னால் எங்களை நிறுத்தினார்.

அறுபது வயதை நெருங்குகிற பெண். மூக்குத்தி இரண்டு பக்கமும். கழுத்தில் கைக்குட்டையளவு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னா விலை சொல்ற நீ? நேத்து இத்த விட பெர்சு கொறச்சலா குட்த்தாங்க."

அந்தப் பெண் வாயை மூடி ஒரு மிடறு விழுங்கினார். பிறகு அவரிடமிருந்து ஒரு குரல் வந்தது. தாழ்ந்த, கனமான, பானைக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். "அப்ப... நேத்து... வாங்கிக்கினு... போய்க்கணும்."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். வாங்க வந்தவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார்.

அப்பா அசையவில்லை. அவர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவரைக் கவனித்துவிட்டு, பஷீர் பாயைப் பார்த்தார். பாய் தன் தொண்டையைத் தொட்டுக்காட்டி, "அத்தே கேஸு, தேசம்மா. பயந்துகினு கீறாரு" என்றார்.

தேசம்மா மீன் செதில் ஒட்டிய கையால் அந்தத் துணியைத் தூக்கிக் காட்டினார். கழுத்தடியில் காறையெலும்புகள் கூடுமிடத்துக்கு மேலே சுத்தமாக ஆறிய ஒரு துளை. அதில் மூச்சு போய் வந்துகொண்டிருந்தது.

"தொண்டைய... எட்த்துட்டாங்க" என்றார். மீண்டும் ஒரு மிடறு. "வாய... எடுக்கல... பெர்சு."

அப்பா அவருக்கு முன்னால் அப்படியே குந்தினார். வேட்டி ஈரத்தில் பட்டதைப் பற்றி யோசிக்கவே இல்லை. "நோகுமோ?" என்று கேட்டார். தேசம்மாவுக்கு அது விளங்கவில்லை. "வலிக்குமா என்று கேட்கிறார்" என்றேன். இந்த முறை மறுபக்கத்துக்கு மொழிபெயர்த்தேன்.

"வலிக்கும்" என்றார் தேசம்மா. "பொய்... சொல்ல மாட்டேன்."

"பழக எவ்வளவு காலம் எடுத்தது?"

"மாசக் கணக்கு. பேஜாரு... பட்டுட்டேன்." பிறகு, மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டே, "பேசாம... மீன் விக்க முடியுமா?"

பாய் வேறொரு ஆட்டோ பிடித்து எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.  மறுநாள் காலை மொட்டைமாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "அந்த மனுசி விலை குறைக்கேல்லை. கவனிச்சனியே பிள்ளை?"

"கவனிச்சன்."

"ம்." இன்னும் கொஞ்சம் குடித்தார். "செய்வம்."

சத்திரசிகிச்சைக்கு முந்திய மாலை அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அம்மா முழங்கால் வருத்தத்தால் வரமுடியாமல் வீட்டில் இருந்தார். தன் சொந்தக் குரலில் அப்பா பேசுகிற கடைசிப் பேச்சு அது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இரு என்று கையைக் காட்டினார்.

"இஞ்சாரும், சாப்பிட்டீரே? ... கிணத்து மோட்டரை ஒரேயடியா ஓட விடாதையும். சூடேறும். ... ஓம். ... ஓம். ... வேலிப் பக்கத்து முருங்கைக்குத் தண்ணி காணாது." இப்படியே போனது. அம்மா அந்தப் பக்கம் அழுகிறார் என்பது அப்பாவின் முகத்தில் தெரிந்தது. அவர் தண்ணீரைப் பற்றியும் மோட்டரைப் பற்றியும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். அத்தனை வருடத்தில் ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் அம்மாவோடு அவர் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் குரல் முற்றாகத் தேய்ந்து வெறும் காற்றானது. அந்தக் காற்றோடும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் வைத்தார்.

சத்திரசிகிச்சை காலையில் தொடங்கிப் பின்னேரம்வரை போனது. வெளியே வராந்தாவில் ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஷீர் பாய் தொழுகை முடித்து வந்து, தூக்குச்சட்டியில் இருந்த பிரியாணியை என் கையில் திணித்தார். "துன்னும்மா. உள்ள அவரு தைரியமா கீறாரு, வெளிய நீ மயங்கி வியுந்தா நல்லாவா கீது?" வேப்பேரிப் பக்கம் எங்கோ அவருடைய மகள் வீட்டுச் சமையல். அழுதுகொண்டே சாப்பிட்ட பிரியாணியின் ருசியும் எனக்கு நினைவிருக்கிறது. நல்ல ருசி.

அப்பாவைப் பார்க்க விட்டார்கள். மூக்கில் உணவுக்குழாய், கழுத்தைச் சுற்றித் தையல், நடுவே அந்தத் துளை. நெஞ்சு ஏறி இறங்குகிறது, ஆனால் மூக்கும் வாயும் சும்மா இருக்கின்றன. என் தகப்பன் கழுத்தால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நான் பயப்படுவேன் என்று நினைத்திருந்தேன். பயம் வரவில்லை. மனிதர்கள் ஒரு உடம்பைத் திறந்து, காற்றின் பாதையையே திருப்பிவிட்டு, மறுபடி மூடி, அந்த உடம்பு உயிரோடு என்னைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறது. கோயில் மூலஸ்தானத்தில் திரை விலகும்போது கைகள் தாமாகக் கூடுவதைப்போல என் கைகள் கூடிவிட்டன. தாதி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் தினமும் அதைப் பார்க்கிறவர்.

பிறகு வந்த நாட்கள் மெதுவாகப் போயின. ஊரில் ஏற்கெனவே கதிர்ச் சிகிச்சை கொடுத்திருந்ததால் ஆறுவது தாமதிக்கும் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். தையலின் ஓரத்தில் ஒரு கசிவு தொடங்கியது. வாயால் எதுவும் கொடுக்கக்கூடாது, உமிழ்நீரைக்கூடத் துப்ப வேண்டும். ஸ்டெல்லா அக்கா பருப்பையும் காய்கறியையும் அவித்து, அரைத்து, வடிகட்டி அனுப்புவார். அதைக் குழாயில் விடுவோம். பக்கத்துக் கட்டில்காரருக்கு வீட்டிலிருந்து வந்த கருவாட்டுக் குழம்பைத் திறக்கும்போது எனக்கு அவரை நினைத்து மனம் கனக்கும். அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனை எதுவும் அவருக்கு எட்டவில்லை.

அறைக்குத் திரும்பிய பிறகு இது வேறுவிதமாகவும் தெரிந்தது. சில மாலைகளில் மணலித் தொழிற்சாலைகளின் பக்கமிருந்து காற்று திரும்பும். முட்டை அழுகியதைப்போல, சில நேரம் அதைவிடக் கடுமையாக, நெஞ்சைப் பிடிக்கிற நாற்றம். தெருவில் இருக்கிறவர்கள் "இன்னிக்கு கலீஜா கீது" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதற்கு எதிராகப் போராடிச் சலித்தவர்கள் அவர்கள். நான் ஓடிப்போய் ஈரத்துணியை அப்பாவின் கழுத்தில் போடுவேன். என்ன என்று அவர் கையால் கேட்பார். நாற்றம் என்று சைகை காட்டினால், தனக்கு ஒன்றுமில்லை என்று பெருமையாக மார்பைத் தட்டுவார்.

எழுதுவதற்கு ஒரு பலகை வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில்தான் எனக்கு முதல் ஆச்சரியம். அளந்து பேசிய மனிதர் அளக்காமல் எழுதினார். கிரேனின் கை எந்த இடத்தில் மடங்குகிறது, இட்லி ஏன் இவ்வளவு மெத்தென்றிருக்கிறது, நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எனக்கு அம்மை போட்டது, அம்மாவைப் பெண்பார்க்கப் போன அன்று தன் சட்டைப் பொத்தான் அறுந்தது. எழுதுவார், காட்டுவார், அழித்துவிட்டு அடுத்ததை எழுதுவார். இதையெல்லாம் ஏன் முன்பு சொல்லவில்லை என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். எப்போதும் சொல்லலாம் என்று இருந்ததால் சொல்லவில்லையாம்.

கசிவு நிற்காமல் இழுத்தபோது ஒருநாள் பலகையில் ஒரே வரி எழுதி என் கையில் கொடுத்தார்: வீட்ட போவம். அதை அவர் அழிக்கவில்லை. அன்று முழுக்க எதுவும் எழுதவும் இல்லை. நான் வெளிப்படியில் போய் உட்கார்ந்தேன். இந்த ஊரிலேயே அவரைத் தொலைத்துவிட்டுத் தனியே விமானமேறுவேனோ என்று அன்றுதான் நினைத்தேன். அடுத்த பரிசோதனையில் கசிவு குறைந்திருந்தது. அதற்கடுத்ததில் மூடிவிட்டது. குழாயை எடுத்த அன்று ஸ்டெல்லா அக்கா குழையக் குழைய வடித்த கஞ்சியை அப்பா வாயால் விழுங்கினார். கண்ணால் நீர் வழிய, கோப்பையை மறுபடி நீட்டினார்.

பேச்சுக்கு வந்தோம். உள்ளே ஒரு சிறிய வால்வு பொருத்தலாம், அது சுலபம், ஆனால் அவ்வப்போது மாற்ற வேண்டிவரும் என்றார் மருத்துவர். அப்பா எழுதிக் காட்டினார்: பழுதானால் ஊரில் ஆர் மாத்துறது? கடைசிவரைக்கும் மோட்டர்க்காரர். அப்படியென்றால் காற்றை விழுங்கி, உணவுக்குழாயிலிருந்து திருப்பி எடுத்துப் பேசப் பழக வேண்டும். கடினம், எல்லோருக்கும் வருவதில்லை. மருத்துவமனையில் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற நேரங்களுக்கு பஷீர் பாய் தேசம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

தேசம்மா கையில் ஒரு பன்னீர் சோடாவோடு வந்தார். "குடி... பெர்சு. ஏப்பம்... உடு."

சாப்பாட்டு மேசையில் ஏப்பம் விட்டால் எங்களை எழுப்பி அனுப்பிவிடுகிற அப்பா, வேற்றுப் பெண் ஒருத்திக்கு முன்னால் எப்படி ஏப்பம் விடுவார்? காது சிவக்க உட்கார்ந்திருந்தார். "வெக்கமா?" என்றார் தேசம்மா. தானே ஒரு மிடறு சோடா குடித்து, மாடி அதிர ஒரு ஏப்பம் விட்டார். அது போகிறபோதே அதன்மேல் "கா... க்கா" என்று ஒரு சொல்லை ஏற்றி அனுப்பினார். ஸ்டெல்லா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவின் தோள்களும் குலுங்கின. அன்றிலிருந்து அந்த மாடியில் சோடாவுக்குக் குறைவில்லை.

பா, கா, டா என்று அழுத்தி ஒலிக்கிற எழுத்துகளில் தொடங்கினால்தான் காற்று உள்ளே போகும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். தேசம்மாவின் பேச்சில் அப்படிப்பட்ட சொற்கள் கொட்டிக் கிடந்தன. பக்கா, டப்பு, டக்கரு. சுன்னாகத்து மனிதர் காலையிலும் மாலையிலும் மாடியில் நின்று, "பக்கா, டப்பு" என்று வாயை அசைத்துக்கொண்டிருப்பார். சத்தம் வராது. மிடறு விழுங்கி விழுங்கி வயிறு ஊதி, சாப்பாடு இறங்காமல் போகும். எரிச்சலில் சோடாப் போத்தலைத் தள்ளிவிட்டு மூலையில் போய் உட்காருவார். வாரங்கள் போயின. நான் வேலையிடத்தில் விடுப்பை நீட்டித்துத் தரக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒரு காலை நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பெரிய கப்பலொன்று துறைமுக வாயிலுக்குள் வந்துகொண்டிருந்தது. முன்னும் பின்னுமாக இழுவைப் படகுகள் அதை ஒட்டி வந்தன. கட்டடங்களுக்கு மேலாக ஒரு தெருவே நகர்ந்து வருவதைப்போல அது வந்தது. அப்பா கைப்பிடிச் சுவரருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்... பல்."

நான் திரும்பினேன். வேறு யாரும் அங்கே இல்லை. அப்பாவும் திரும்பி என்னைப் பார்த்தார், யார் பேசியது என்று கேட்பவரைப்போல. பிறகு வாயை மூடி, ஒரு மிடறு விழுங்கினார்.

"கப்பல்."

தாழ்ந்த குரல், கரகரத்த குரல். நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு குரல். என் கையிலிருந்த ஈரச்சேலை தரையில் கிடந்தது. இவ்வளவு பெரிய கப்பலை மூன்று படகுகள் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. அப்பா தன்னந்தனியாக ஒரு சொல்லை உள்ளேயிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் படிகளில் விழுந்தடித்துக்கொண்டு ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட ஓடினேன்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு சொல், மூன்று சொல் என்று வரிசை நீண்டது. வீட்டுக்குள்ளே, எங்களோடு, தேசம்மாவோடு பேசுவார். வெளியே போனால் வாயைத் திறக்க மாட்டார். கடைக்காரர் ஏதாவது கேட்டால் என்னைக் காட்டிவிடுவார். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், குழந்தைகள் பயப்படும் என்று பலகையில் எழுதினார். பேச்சு வந்த பிறகும் இதை மட்டும் எழுதித்தான் காட்டினார். மருத்துவர் ஊருக்குப் போகலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். எல்லையில்லாத சந்தோஷம்தான். ஆனால் ஊரிலும் வாயை மூடிக்கொண்டு என்னைக் காட்டினால் என்ன செய்வது என்ற கவலை எனக்குள் இருந்தது.

புறப்படுவதற்கு முன் எண்ணூரில் முகத்துவாரத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. கத்திவாக்கம் பக்கம் தனக்குச் சொந்தக்காரர் இருப்பதாகவும், அங்கே இறால் பிடிக்கிறதைப் பார்க்காமல் போகக்கூடாது என்றும் தேசம்மா சொல்லியிருந்தார். பஷீர் பாயின் ஆட்டோ பழுதுபார்க்கப் போயிருந்ததால் பேருந்தில் ஏறினோம். நெரிசல். வெளியே ஒரு பக்கம் கடல், அலைதடுப்புக் கற்கள். மறுபக்கம் எண்ணெய்த் தாங்கி லாரிகள், புகைபோக்கிகள். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் சாலை. அந்தச் சாலையில் பூவும் பால்பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை எவ்வளவு பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அப்பாவுக்கு முன்னால் ஓர் இருக்கை கிடைத்தது. நான் கூட்டத்தில் பின்னால் அகப்பட்டுக்கொண்டேன். பெண்களுக்கு அந்தப் பேருந்தில் கட்டணம் இல்லை. நடத்துநர் எனக்குரிய சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்கும் ஒன்று என்று நான் சொல்ல வருவதற்குள் முன்னால் நகர்ந்துவிட்டார். "டிக்கெட், டிக்கெட்" என்று அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் எட்டிக் குரல் கொடுக்க முயன்றேன். எனக்கு முன்னால் ஒரு மீன்கூடையும் இரண்டு கல்லூரிப் பெண்களும்.

அப்பா திரும்பி என்னைத் தேடுவது தெரிந்தது. கண்ணுக்கு அகப்படவில்லை போலிருக்கிறது.

"எங்க பெரியவரே?"

அப்பா வாயை மூடினார். கழுத்துத் துணிக்கு மேலே தசை ஒருமுறை ஏறி இறங்கியது. 

"எண்... ணூர். ஒண்டு."

பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நடத்துநர் சீட்டைக் கிழிக்கப் போன கையை நிறுத்திவிட்டு அப்பாவைக் கூர்ந்து பார்த்தார். நான் மீன்கூடையைத் தாண்டிக் காலை வைத்தேன்.

"ஒண்டா?" என்றார் நடத்துநர். அவர் முகத்தில் சிரிப்பு விரிந்தது. "இன்னா நைனா, சிலோனா நீங்கோ?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நடத்துநர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றார். அப்பா அவசரப்படவில்லை. நிதானமாக ஒரு மிடறு காற்றை விழுங்கினார்.

"ஓம்" என்றார்.